மணிக்கு வந்த கொழுந்து

நிலக்ஷிக்கு மனித முகங்கள் அலுத்துப்போயிருந்தன. ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் ஐந்து வருடமாகக் கல்யாணமும் சடங்கும் படம் பிடிக்கிறவள் அவள். மூக்கைச் சின்னதாக்கச் சொல்லுவார்கள், பக்கத்தில் நிற்கும் நாத்தனாரை வெட்டிவிடச் சொல்லுவார்கள். கட்டடங்கள் அப்படி எதுவும் கேட்பதில்லை. அதனால் லீவு கிடைத்தால் போதும், பாழடைந்த தபாற்கந்தோர், பூட்டிப்போட்ட டிஸ்பென்சரி என்று தேடிக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள்.

கண்டியில் ஒரு கண்காட்சி. கைவிடப்பட்ட கட்டடங்களின் பன்னிரண்டு படங்கள் வேண்டும், ஒன்றிலும் ஆள் இருக்கக் கூடாது. பதினொன்று தயார். கடைசிப் படத்தை அன்று இரவுக்குள் அனுப்பியாக வேண்டும். தேர்வாகிவிட்டால் இனிக் கல்யாண வீட்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை என்று சபதம் வேறு.

அக்கரப்பத்தனைக்கு மேலே, ஒன்பது வருடமாக மூடிக்கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலையில் கேமரா ஸ்டேண்டை ஊன்றினாள். தோட்டத்தார் அதை இன்னும் ஸ்டோர் என்றுதான் சொல்லுவார்கள். அவள் நின்றது, முன்பு பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்த கூடம். நாலு மணிக்கு வாசல் வழியாகச் சாய்வெயில் உள்ளே விழும். கால் மணிநேரத்தில் மூடுபனி இறங்கி எல்லாவற்றையும் மறைத்துவிடும். வெயில் சொன்னபடி வந்தது. ஆனால் உத்தரம் முழுக்கப் புறாக்கள், ஒன்றாவது சும்மா இருக்க வேண்டுமே!

"அண்ணே, இதுகள கொஞ்சம் வெரட்டி விடுங்களேன்."

வாச்சர் வீரய்யா ஸ்டோர் ஓடிய காலத்தில் மணியடித்தவர். வாசலில் மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டை ஓர் இரும்புக் கம்பியால் தட்டினார். சும்மா தட்டியிருந்தால் வம்பே இல்லை. பழகிய கை, மூன்று அடி, சற்று நிறுத்தி இரண்டு அடி என்று தானாகவே அடித்துவிட்டது. புறாக்கள் பறந்தன.

"ஐயையோ மிஸ்," என்று கம்பியைக் கீழே போட்டார். "கொழுந்து நிறுவைக்கு அடிக்கிற மணிய அடிச்சிட்டேன்!"

அதற்குள் பக்கத்து மலையிலிருந்து பெண்கள் கொழுந்துக் கூடைகளோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். இப்போது நிறுவையெல்லாம் ரோட்டோரம், லொறி வரும் இடத்தில். அது அவர்களுக்குத் தெரியாதா? கால்களுக்குத்தான் தெரியவில்லை. நேராகக் கூடத்துக்குள் வந்து, பழைய இடத்திலேயே வரிசையாகக் கூடைகளை இறக்கினார்கள். அதன்பிறகுதான் முன்னால் நின்ற மீனம்மா அண்ணாந்து பார்த்தாள். தராசு தொங்கிய கொக்கி மட்டும் இருந்தது.

"அடி ஆத்தே! எங்கடி வந்து நிக்கிறோம்?"

கூடமே சிரிப்பில் அதிர்ந்தது. வீரய்யாவுக்குக் கிடைத்த ஏச்சை எழுத முடியாது.

நிலக்ஷிக்கு அழுகையே வந்துவிட்டது. வாசலில் பனி எட்டிப் பார்த்தது. "அக்கா, ஆள் யாருமே இல்லாம ஒரு படம் எடுக்கணும். இன்னைக்கே அனுப்பணும், இத விட்டா எனக்கு வேற வழி இல்ல."

"அவ்ளோதானே?" என்றாள் மீனம்மா. "ஏ புள்ளைகளா, செவுத்துப் பக்கம் ஒதுங்குங்க. எவளாவது சிரிச்சீங்க, தொலைச்சிப்புடுவேன்!"

எல்லோரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினார்கள். கூடைகளைத் தூக்க ஒருத்திக்கும் தோன்றவில்லை. நிலக்ஷி சொல்ல வாயெடுத்தவள், கேமராவுக்குள் பார்த்ததும் மூடிக்கொண்டாள். துருப்பிடித்த கொக்கிக்குக் கீழே, வெயிலில், பச்சைப் பசேலென்று ஒரு வரிசைக் கொழுந்து. ஆள் ஒருவர்கூட இல்லை. மூச்சைப் பிடித்து ஒரே ஒரு படம் எடுத்தாள். அடுத்த நிமிடம் பனி உள்ளே வந்துவிட்டது.

பிறகு யாரும் கேட்காமலே கேமராவைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். அதுவரை அடக்கி வைத்த சிரிப்பெல்லாம் அந்தப் படத்தில் கொட்டியது.

"மூக்கு மட்டும் கொஞ்சம் சின்னதா வரட்டும் மிஸ்," என்றாள் மீனம்மா. முகங்கள் அலுத்துப்போன நிலக்ஷி விழுந்து விழுந்து சிரித்தாள்.

பத்து நாள் கழித்துக் கண்டியிலிருந்து ஃபோன் வந்தது. பன்னிரண்டு படமும் தேர்வாம், அந்தக் கடைசிப் படத்தைத்தான் வாசலிலேயே பெரிதாக மாட்டப்போகிறார்களாம்.

"ஒரு சந்தேகம் மிஸ்," என்றார் அங்கிருந்தவர். "ஒன்பது வருஷமா மூடின பெக்டரிக்குப் பச்சைக் கொழுந்து எப்படி வந்துச்சு?"

"மணியடிச்சாங்க," என்றாள் நிலக்ஷி, "வந்துருச்சு."