வேளாவுக்கு முறுக்கிய கம்பி

அந்த வருஷம் பழவேற்காட்டு ஏரியில் வலை போட்டவர்கள் யாரும் அதை முழுசாகத் திரும்பக் கொண்டுவரவில்லை. முகத்துவாரத்துப் பக்கம் ஒரு வேளா மீன் வந்து தங்கியிருந்தது. மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் ஆள் நீளத்துக்கு ரம்பம், அதன் இரண்டு ஓரமும் பல். ஒரே வீச்சில் வலை கந்தலாகிவிடும். தூண்டில் போட்டால் கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விடும். ஓடும் நிழலைத்தான் கண்டார்களே தவிர, மீனை முழுசாகக் கண்டவர் இல்லை.

குப்பம்மா ஒல்லாந்தர் கோட்டைக்கு மீன் கொண்டுபோய்க் கொடுப்பவள். அங்கே சமையற்கட்டுக்குப் பின்னால், குப்பைமேட்டில், துரை வீட்டு வாத்தியப் பெட்டி ஒன்று உடைந்து கிடந்ததைப் பார்த்தாள். உள்ளே வரிசை வரிசையாகப் பித்தளைக் கம்பி. பக்கத்தில் அடி போன இரும்பு வாளி. சமையல்காரனிடம் கையைக் காட்டிக் கேட்டாள். எடுத்துக்கொள் என்று தலையாட்டினான். கம்பிகளையும் வாளியின் பிடியையும் கூடையில் போட்டுக்கொண்டு வீடு வந்தாள்.

"இதை வச்சு இன்னா பண்ணப்போற?" என்றான் அவள் புருஷன் நீலமேகம்.

"கயித்தைத்தானே அறுக்குது? கம்பியை அறுக்கட்டும், பாக்கலாம்."

தலை பின்னுகிற மாதிரி கம்பியை மூன்று மூன்றாகப் பின்னினாள். பின்னிய சரடுகளை மறுபடி சேர்த்து முறுக்கினாள். விரலெல்லாம் கீறல். நீலமேகம் வாளிப் பிடியைப் பாதியாக வெட்டித் தூண்டில் முள் அடித்தான். முதல் பாதியைச் சரியாகக் காய்ச்சாமலே வளைத்தான். வளைவில் விரிசல் விட்டது. மறுபாதியைத் தேங்காய்த் தொட்டிக் கரியில் செக்கச் சிவக்கும்வரை ஊதினாள் குப்பம்மா. அப்போது அது சொன்னபடி வளைந்தது. கடித்த மீன் நழுவாதபடி உளியால் எதிர்முள் கிளப்பி, கல்லில் தேய்த்துக் கூர் ஏற்றினான். குப்பம்மாவின் தம்பி அங்கமுத்து கம்பியைப் புங்கமரக் கிளையில் கட்டித் தொங்கிப் பார்த்தான். கிளைதான் முறிந்தது.

மறுநாள் காலையில் ஆண்கள் இருவரும் மடவை மீனை இரையாகக் குத்திக்கொண்டு படகில் போனார்கள். கரையோரம் முட்டிவரை தண்ணீரில் நின்று கையால் இறால் தடவிப் பிடித்துக்கொண்டிருந்த குப்பம்மா, படகு துடுப்பில்லாமல் ஓடுவதைப் பார்த்தாள். முன்னால் நீர் பிளந்துகொண்டு வந்தது. சுற்றிச் சுற்றி இழுத்தது. ஆனால் கம்பி அறவில்லை. வெயில் ஏறியபோது களைத்துப்போன மீன், அவள் நின்ற மணல்திட்டிலேயே வந்து ஒருக்களித்துப் படுத்தது.

படகைவிடப் பெரிய உடம்பு. ஈர மணல் நிறம். ரம்பம் அவள் இடுப்புக்குப் பக்கத்தில் கிடந்தது. எலுமிச்சம்பழ அளவுக்குக்கூட இல்லாத சின்னக் கண் அவளைப் பார்ப்பதுபோல இருந்தது. இவ்வளவு நாளும் இதுவா நம் காலடியில் நீந்திக்கொண்டிருந்தது?

அங்கமுத்து கோடாலியைத் தூக்கிக்கொண்டு படகிலிருந்து குதித்தான்.

"டேய், நில்லு!" என்று கத்தினாள் குப்பம்மா.

வயிற்றுப் பக்கம் தண்ணீர் கலங்கியது. ஒரு குட்டி வெளியே வழுக்கி வந்தது. பின்னாலேயே இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் விரல் நீள ரம்பம்; தாயைக் கீறிவிடாதபடி அதன்மேல் மெல்லிய தோலுறை. ஏதோ கை அளந்து தைத்த உறைபோல இருந்தது. ஒரு குட்டி குப்பம்மாவின் கெண்டைக்காலில் உரசிவிட்டு ஆழத்துக்குப் போனது.

"யம்மா..." என்றான் அங்கமுத்து. கோடாலி தானாகத் தாழ்ந்தது.

நீலமேகம் கத்தியை எடுத்துக் கம்பியை அறுத்துப் பார்த்தான். அறுபடவில்லை. "உன் பின்னல், நீயே அவிழு புள்ள," என்றான்.

குப்பம்மா குனிந்தாள். தாடையோரம் நீட்டிக்கொண்டிருந்த முள்ளின் வளையத்தைத் தொட்டு, அதில் கட்டியிருந்த கம்பியின் முறுக்கை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தாள். மீனின் மூச்சு அவள் மணிக்கட்டில் தண்ணீராக அடித்தது. அது நினைத்திருந்தால் ஒரு திருப்பில் அவளை இரண்டாக்கியிருக்கலாம். அசையவில்லை. கடைசிச் சுற்று விட்டதும் உடம்பை ஒருமுறை நெளித்து, திட்டுக்கு அப்பாலிருந்த ஆழத்துக்குள் சரிந்து போய்விட்டது.

அடுத்த மாதமும் வலைகள் கிழிந்தன. நீலமேகம் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டேதான் தைத்தான். ஆனால் முகத்துவாரத்தைக் கடக்கும்போதெல்லாம் மூவரும் பேச்சை நிறுத்திவிட்டு, படகின் இரு பக்கமும் எட்டித் தண்ணீருக்குள் பார்ப்பார்கள்.