மூடாத மூலை

ஓவியத் துணிகளை ஏற்றிய டொயோட்டா கிளம்ப இன்னும் அரை மணி நேரம் இருந்தபோது மைரா அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"நங்கலா, அந்த ஊற்று மூலையை மூடிட்டேல்ல?"

ஓவியக்கூடத் தாழ்வாரத்தின் சிமென்ட் தரையில் காலை மடக்கி உட்கார்ந்து, புதுத் துணி ஒன்றில் எல்வா புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். நங்கலா என்பது அவள் குலப்பிரிவின் பெயர், ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வெள்ளைச் சாயத்தில் தொட்டுத் தூக்கிய குச்சி அந்தரத்தில் நின்றது. ஒரு சொட்டு அவள் முழங்காலில் விழுந்தது.

"மூடினேன்," என்றாள். பிறகு, "மூடினேன்னுதான் நினைக்கிறேன்."

"நினைக்கிறியா? என் கிட்னிதான் போச்சுன்னு பார்த்தா உனக்கு மூளையே போயிருச்சா மதினி?"

மைரா அன்று காலைதான் மருத்துவமனை வண்டியில் ஆலிஸ் நகரத்திலிருந்து வந்து இறங்கியிருந்தாள். ஏழு வாரம் ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு கிடந்தவள். இடது முழங்கையில் இன்னும் கட்டு இருந்தது. எல்வாவுக்கு அவள் அத்தை மகள். எல்வாவின் அப்பா வழி நிலத்தின் கதையைத் தீட்டும் உரிமை எல்வாவுடையது. அது சரியாகத் தீட்டப்படுகிறதா என்று பார்க்கும் பொறுப்பு, தாய் வழியில் அந்த நிலத்துக்கு உறவான மைராவுடையது. மைரா பார்த்துத் தலையசைக்காமல் எல்வாவின் துணி எதுவும் மின்யிரி ஊரை விட்டுப் போனதில்லை. இந்த முறை போகப்போகிறது. ஆலிஸ் கண்காட்சி நாள் யாருக்காகவும் காத்திருக்காது என்று கூடத்தை நடத்தும் பிரிஜித் சொல்லிவிட்டாள்.

"ஃபோன்ல என்ன சொன்னேன்? நான் வர்றவரைக்கும் வை, இல்லேன்னா மூலையை மட்டும் நல்லா மூடுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னே."

சடங்கின்போது பெண்கள் மார்பில் தீட்டிக்கொள்ளும் கோடுகள் அந்த மூலையில் இருந்தன. அந்த ஊற்றுக்கு உரியவை. கதை அந்தக் கோடுகளில்தான் இருக்கிறது என்பதால் எல்வா முதலில் அவற்றைப் போட்டுக்கொள்வாள். பிறகு அவற்றின் மேல் புள்ளி வைத்து, ஒன்றும் தெரியாதபடி மூடிவிடுவாள். பார்க்கிறவர்களுக்குப் புள்ளி மட்டும் போதும். கோடு ஆண்கள் கண்ணில் படக்கூடாது. நாளை ஆலிஸில் சுருட்டி அனுப்பும் அந்தத் துணியைப் பிரிப்பவர்கள் ஆண்கள். அதைப் படமெடுத்துப் புத்தகமாக அச்சடிப்பார்கள். அந்தப் புத்தகம் கடையில் கிடக்கும், பள்ளிக்கூடத்துக்கு வரும். எல்வாவின் அண்ணன்மார் வீட்டு மேசைக்கும் வரும்.

"யோசிச்சுச் சொல்லு. என்னைக்கு மூடினே?"

எல்வா கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். முடித்துக் கொடுத்த பெரிய துணியில் இரண்டு மூலைகளில் கோடு இருந்தது. மலை மூலை ஒன்று, ஊற்று மூலை ஒன்று. மலை மூலையை முதலில் மூடினாள். அன்று மதியம்தான் சாவுச் செய்தி வந்தது. குச்சியைப் போட்டுவிட்டு எல்லாரும் எழுந்து ஓடினார்கள். எட்டு நாள் துக்கக் கூட்டத்தில் தரையில் கிடந்துவிட்டுத் திரும்பினார்கள். இறந்தவர் தாழ்வாரத்தின் கிழக்குக் கோடியில் உட்கார்ந்து தீட்டியவர். அவர் பெயரை இப்போது யாரும் சொல்வதில்லை. அவர் உட்கார்ந்த இடத்தை இலைக்கொத்தால் கூட்டிவிட்டு, எல்லாரும் மேற்கே தள்ளி உட்கார்ந்தார்கள். எல்வாவும் தள்ளித்தான் உட்கார்ந்தாள். அன்றைக்குத்தான் ஊற்று மூலையை மூடினாள். இடது முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்த மூலை. அது நன்றாக நினைவிருக்கிறது.

"இடது முழங்கால்கிட்ட," என்றாள்.

"எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தே?"

எல்வா குனிந்து தன் இரண்டு முழங்காலையும் பார்த்தாள். துணிக்கு மேலும் கிடையாது, கீழும் கிடையாது. தரையில் விரித்து, கை எட்டும் பக்கம் உட்கார்ந்து வேலை செய்வதுதான் வழக்கம். சாவுக்கு முன்னால் துணியின் கிழக்குப் பக்கம் இருந்தபோது இடது முழங்காலுக்கு எதிரே ஊற்று. இடம் மாறியதில் துணியின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தால் அதே முழங்காலுக்கு எதிரே மலை.

"எழுந்திரு," என்றாள் மைரா.

"சுருள் வண்டியில ஏறிடுச்சு மைரா."

"வண்டி எங்கே?"

"கடை வாசல்ல. டீசல் போட."

"ஓட்டுறது யாரு?"

எல்வா அந்தப் பெயரைச் சொல்ல மாட்டாள். சொல்லவும் கூடாது. ஓட்டுவது டெஸ்மண்ட், அவள் மகளின் கணவன். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை, ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் கடைக்குள் நுழைந்தால் அவன் பின்வாசல் வழியாக வெளியேறுவான். மாமியாரும் மருமகனும் அப்படித்தான் இருக்க வேண்டும். தூது போகக்கூடிய மகளோ குழந்தையோடு ஆலிஸில் இருந்தாள்.

"நல்ல ஆளாப் பார்த்து ஓட்டவிட்டாங்க," என்று மைரா முனகினாள். "எனக்கு அவன் மகன் முறைதான். நான் பேசுறேன். நீ வா."

நடந்தார்கள். மைராவுக்கு மூச்சு வாங்கியது. இருபது அடிக்கு ஒருமுறை நின்றாள். எல்வாவுக்கு அவளை விட்டுவிட்டு ஓடலாம் போலிருந்தது. ஓடி என்ன செய்வது, வண்டியின் முன்னால் போயா நிற்க முடியும்? கடைக்குத் திரும்பும் இடத்தில் தண்ணீர்த் தொட்டி இருந்தது. எல்வா அதன் பின்னால் ஒதுங்கி, துண்டைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். தகரம் கொதித்தது. டீசல் பம்பு ஓடும் சத்தம் கேட்டது. அது நிற்கும்வரை நேரம் இருக்கிறது என்று எண்ணினாள். உடனே நின்றுவிட்டது.

"ஜகமாரா! மகனே!" டெஸ்மண்டை அவன் குலப்பெயரால் மைரா கூப்பிடுவது கேட்டது.

"வாம்மா. மெஷின்லருந்து விட்டுட்டாங்களா? இளைச்சுட்டியே."

"இளைக்கல. தண்ணியைப் பிழிஞ்சு எடுத்துட்டாங்க. உள்ளே எத்தனை சுருள்?"

"பதினொண்ணு. பிரிஜித் எழுதிக் கொடுத்திருக்கா."

"ஒண்ணை இறக்கணும்."

"எதை?"

மாமியாரின் பெயரை அவன் காதில் போடக்கூடாது. மைரா கொஞ்சம் நிறுத்தி, "பெருசை," என்றாள்.

"ஏன்?"

"நான் இன்னும் பார்க்கல."

"பிரிஜித் கேட்டா?"

"அம்மா இறக்கச் சொன்னான்னு சொல்லு."

"எந்த அம்மான்னு கேப்பா. இந்த ஊர்ல எனக்குப் பதினாலு அம்மா."

மைரா சிரிக்கவில்லை. தொட்டிக்குப் பின்னால் எல்வா பாவாடை நுனியைக் கையால் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். காற்று அதைத் திரும்பவும் வெளியே தள்ளியது. பாவாடையை அவன் பார்த்திருக்க வேண்டும், செருப்புக் கால் மண்ணில் சட்டென்று திரும்பும் சத்தம் கேட்டது. பிறகு டெஸ்மண்டின் குரல் கேட்டது, இப்போது வேறு திசை பார்த்து.

"எனக்குச் சாப்பிட ஏதாவது வாங்கணும். உள்ளே கூட்டமா இருக்கும், பத்து நிமிஷம் ஆகும். வண்டியோட பின்கதவு சரியாப் பூட்டாதும்மா. என்ன விழுந்தாலும் எனக்குத் தெரியாது."

கடைக் கதவு அடித்து மூடிக்கொண்டது.

சுருள் ஆள் உயரத்துக்கு மேல் இருந்தது. மைரா கட்டுப்போட்ட கையால் எதையும் தூக்கக்கூடாது. எல்வா முன்பக்கத்தைத் தோளில் வைத்துக்கொண்டாள், மைரா பின்பக்கத்தை நல்ல கையால் அணைத்துக்கொண்டாள். கடை வாசல் பெஞ்சில் இருந்த மொட்டைத் தலைத் தாடிக்காரன் குரல் கொடுத்தான்.

"என்ன, கம்பளம் விக்கிறீங்களா?"

"ஆமா. உன் பொண்டாட்டி கேட்டா, உன்னைச் சுத்தி வெளியே போட," என்றாள் மைரா, நடையை நிறுத்தாமல்.

ஓவியக்கூடத்தின் பின்னறையில் கதவைச் சாத்தி, ஜன்னலுக்குத் துணி கட்டிவிட்டுப் பிரித்தார்கள். மைரா மண்டியிட்டு மலை மூலைக்குப் போனாள். அங்கே புள்ளிக்கு மேல் புள்ளி ஏறித் தடித்திருந்தது. விரலால் தடவினாள்.

"ஒரே மூலையை ரெண்டு தடவை மூடியிருக்கே."

எல்வா ஊற்று மூலையைப் பார்த்தாள். இரண்டு சாண் அகலத்துக்குக் கோடுகள் அப்படியே திறந்து கிடந்தன.

மைரா எழுந்து வெளியே போய் வெள்ளைச் சாயத்தையும் குச்சியையும் கொண்டுவந்து அவள் முன் வைத்தாள்.

"இப்ப இந்தப் பக்கமே உட்காரு. நகராதே. நான் பார்த்துக்கிட்டே இருக்கேன்."

முதல் பத்துப் புள்ளி கோணலாக விழுந்தது. பிறகு கை பழக்கத்துக்கு வந்தது. பாதி மூடியபோது வெளியே டொயோட்டா கூடத்தைக் கடந்து தார் இல்லாத பாதையில் இறங்கும் சத்தம் கேட்டது. நிற்கவில்லை. எல்வா மூச்சை விட்டாள். சரியாகப் போய்விட்டது. யாரும் பார்க்கவில்லை.

குச்சி மறுபடி நின்றது.

"மைரா. இதைச் சுருட்டினது யாரு?"

"பிரிஜித்தா இருக்கும்."

"இவ்வளவு பெருசை ஒரு ஆள் சுருட்ட முடியாது."

அப்போது பிரிஜித்தே கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தாள். துணியைப் பார்த்தாள், இருவர் முகத்தையும் பார்த்தாள். ஏழு வருடம் இங்கே இருந்தவள் என்பதால் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"என்ன ஆச்சு? இது ஏன் போகல?"

"நேத்து இதை உன்கூடச் சுருட்டினது யாரு?" என்றாள் மைரா.

"டெஸ்மண்ட்தான். வேற யாரும் இல்ல. ஏன்? அவன் மாமியார் துணிதான், தெரியும். ஆனா துணிதானேன்னு..." பிரிஜித் நிறுத்தினாள். "அவன் கண்ணை மூடிக்கிட்டுத்தான் பிடிச்சான். தூசி விழுந்துச்சான்னு கூடக் கேட்டேன். ஒண்ணும் சொல்லல."

"கண்ணை மூடினான்ல? சரியா?" மைரா எல்வாவைப் பார்த்துச் சொன்னாள். "நல்ல பையன்."

எல்வா தலை நிமிரவில்லை.

"அவகிட்ட கேளு," என்றாள் மைராவிடம், ரொம்ப மெதுவாக. "ஆரம்பத்துலருந்தே மூடியிருந்தானா, கோட்டைப் பார்த்துட்டுப் பாதியில மூடினானா?"

மைரா கேட்டாள்.

பிரிஜித் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

"நான் சுருளைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்," என்றாள். "தெரியலையே."

எல்வா குச்சியைச் சாயத்தில் தொட்டாள். கோடு ஒன்று இன்னும் ஒரு விரல் அளவு வெளியே தெரிந்தது. அதன் மேல் ஒரு புள்ளி வைத்தாள். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று வைத்தாள். முழுவதும் மறைந்து, மைரா தலையசைத்த பிறகும் நிறுத்தவில்லை.