படம் ஏன் ஆடினது?

1

இந்தக் கதையை நான் யோசித்து எடுக்கவில்லை, பார்த்து எடுத்தேன். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு யாரும் என்னைப் பிடித்து உலுக்கமாட்டார்கள். கால் சுளுக்கி அரியாலையில் வீட்டோடு கிடந்த ஒரு காலைப்பொழுதில், கொக்குவிலில் நடந்த செத்தவீடொன்றைக் கைபேசியில் நேரலையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது எங்கள் பக்கத்தில் நேரலை இல்லாத செத்தவீடு குறைவு. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் இருந்தால் வேறென்ன செய்வது? ஒருவர் இரங்கலுரை வாசித்துக்கொண்டிருந்தார். திடீரென்று படம் ஆடியது. ஒரு கணம்தான். மூன்று காலில் நிற்கிற கமெரா தன்பாட்டில் ஆடாது, பிடித்திருந்தவன் ஆடியிருக்கவேண்டும். உடனே பெண்கள் இருந்த பக்கத்தில் ஒரு பிள்ளை கைலேஞ்சியால் முகத்தைப் பொத்தினாள். பார்த்தவர்கள் அழுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். நான் நினைக்கவில்லை.

எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மிச்சம் முழுக்க என் கைச்சரக்கு. அந்த வீட்டார் யாராவது இதை வாசித்துவிட்டு "இது எங்கடை பிள்ளையோ?" என்று கேட்டால், இல்லை என்று இப்போதே சொல்லிவைக்கிறேன். பெயர், முறை, வீடு எல்லாம் மாற்றியாகிவிட்டது. [செத்தவரை மட்டும் உயிரோடு விட வழி தெரியவில்லை. மன்னிக்கவும்.]

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"பண்ணைக் கடற்கரையில், குடைக்குக் கீழே, நிவேதனா எமில்ராஜின் தோளில் சாய்ந்து கண்ணீர் விட்டாள். அவள் சைவம், அவன் கிறிஸ்தவ வேதம். அவர்களுக்கு முன்னால் கடல்"

கடல் என்ன செய்தது என்று தெரியாமல் அதிலேயே பேனையை வைத்துவிட்டேன். பண்ணையில் கடல் ஒன்றும் செய்வதில்லை. முழங்காலளவு தண்ணீர், அதுவும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு கிடக்கும்.

இரண்டாவது தொடக்கம்: "அவர்கள் ஒருவரையொருவர் உயிருக்குயிராக"

இதையும் விட்டேன். நான் சொன்னேன் என்பதற்காக நீங்கள் ஏன் நம்பவேண்டும்?

கதைகளில் இளம் காதலர் அழுதால் அவர்களைப்பற்றி எனக்குப் புதிதாக ஒன்றும் தெரியவருவதில்லை. வீடு விடாது, சாதி விடாது, சமயம் விடாது, இந்தக் காலத்தில் விசாவும் விடாது. அழுகிற அந்த இருவரையும் எழுப்பி அனுப்பிவிட்டு வேறு இருவரை அதே குடைக்குக் கீழே இருத்தினாலும் கதை ஓடும். ஆனால் அவர்கள் எதற்குச் சிரித்தார்கள் என்று எழுதத் தொடங்கினால் பேனை திணறும். அந்தப் பகிடி அந்த இரண்டு பேருக்கு மட்டும் சொந்தம். முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்து அழுவார்கள், செத்தவீட்டில் பார்த்திருப்பீர்கள். ஒருவரையொருவர் பார்க்காமல், ஒரே கணத்தில், ஒரே விஷயத்துக்குச் சிரிப்பதற்கு அதற்கு முன்னால் நிறையச் சேர்ந்து சிரித்திருக்கவேண்டும். ஆகவே என் காதலர்களை நான் குடைக்குக் கீழே இருத்தப்போவதில்லை.

3

நிவேதனாவை எனக்கு உடனே பிடித்துக்கொண்டது. இருபத்துநான்கு வயது, கொக்குவில், சின்னப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். எமில்ராஜ்தான் கனநாள் பிடிகொடுக்கவில்லை. முதல் வரைவில் அவன் குருநகர்ப் பெடியன், கடற்றொழிலாளி மகன், "கண்ணில் கடலின் சோகம்". அந்தச் சோகத்தோடு அவன் பக்கத்துக்குப் பக்கம் மதிலில் சாய்ந்து நின்றான். வாசலுக்குக்கூட வரவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு சோகத்தைப் பறித்து ஒரு கமெராவைக் கொடுத்தேன். யாழ்ப்பாண நகரத்தில் ஒரு ஸ்ரூடியோவில் வேலையும் போட்டுக்கொடுத்தேன். ஆள் எழுந்து நடந்தான்.

அவன் நடந்து வந்த முதல் இடம் நிவேதனாவின் தங்கை பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்தியவீடு. வளவுக்கு மேலே ட்ரோன் விட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். நிவேதனாவின் பெரிய மாமா நடராசா, ஊரிலேயே ஏச்சுக்குப் பேர்போனவர், முற்றத்துக்கு ஓடிவந்தார்.

"ஆரடா அது, எங்கடை தலைக்கு மேலை இலையான் விடுறது?"

ஈயை அடிப்பதுபோலக் கையிலிருந்த விளக்குமாற்றை ட்ரோனுக்கு எறிந்தார். அது மாமரத்தில் போய்ச் செருகிக்கொண்டது.

"அண்ணை, கெதியா இறக்குங்கோ. இனி மாமா மரத்திலை ஏறிடுவார்" என்றாள் நிவேதனா.

"ஏறட்டும் தங்கச்சி, அதையும் எடுப்பம்" என்றான் எமில்.

அவள் பட்டுச்சேலையோடு படியில் குந்தியிருந்து சிரித்தாள். 

[எங்கள் ஊரில் காதலுக்கு முதல் தடை சாதியுமில்லை, சமயமுமில்லை, "அண்ணை" என்ற சொல்தான். பழகத் தொடங்கும்போது வாயில் வந்துவிடும், பிறகு அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?]

நிவேதனா அந்தச் சொல்லை மெல்லக் கைவிட்டாள். கொஞ்சநாள் அவனை ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. ஒருநாள் தொலைபேசியில், அப்பாவை அம்மா கூப்பிடுகிற அதே இழுவையோடு, பகிடிக்கு, "இஞ்சேருங்கோ..." என்றாள். இருவரும் வயிறு நோகச் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் "சரி, வைக்கிறன்" என்றாள். "ஓம்" என்றான். அன்றைக்குத்தான் இருவருக்கும் பயம் வந்தது. காதல் வந்தது என்று நான் இங்கே எழுதவேண்டியதில்லை.

4

நடராசா மாமா மாரடைப்பில் போனார். நிவேதனா உண்மையாகவே அழுதாள். அவள் சைக்கிள் பழகும்போது ஏசிக்கொண்டே பின்னால் ஓடிவந்தவர் அவர். அவர் ஏசாத வீடு அவளுக்கு வெறிச்சென்று கிடந்தது. இதை அடித்துச் சொல்லிவிடுகிறேன், அடுத்ததாக நடப்பதைப் பார்த்துவிட்டு அவளை நெஞ்சில் ஈரமில்லாதவள் என்று நினைத்துவிடாதீர்கள்.

நேரலைக்கு வந்தவன் எமில். வெளியே கதிரைகளில் இருந்தவர்கள் பார்ப்பதற்குப் பந்தல் ஓரமாக ஒரு பெரிய ரீவியும் கமெராவோடு கம்பியில் இணைத்து வைத்திருந்தான். குகதாசன் மாஸ்டர் இரங்கலுரை வாசிக்க எழுந்தார். எல்லாச் செத்தவீட்டிலும் அவர்தான், எல்லாருக்கும் ஒரே உரைதான், பெயர் மட்டும் மாறும்.

"அன்னார் தமது வாழ்நாளில் எவரையும் கடிந்து ஒரு சொல் சொல்லியறியார்."

பந்தல் அடங்கிப்போனது. அங்கே நின்றவர்களில் நடராசாவிடம் ஏச்சு வாங்காதவர் எவருமில்லை. தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த பக்கத்துவீட்டு இரத்தினம்மாகூட அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து மாஸ்டரைப் பார்த்தார். நிவேதனா கீழுதட்டைக் கடித்தாள். எமில் நின்ற பக்கம் திரும்பவேயில்லை. திரும்பினால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். பாதுகாப்பான இடம் என்று நினைத்து ரீவியைப் பார்த்தாள். ரீவியில் படம் ஆடியது.

அவ்வளவுதான். லேஞ்சியை எடுத்து முகத்தைப் பொத்தினாள்.

5

ரொறன்ரோவில் இருக்கிற பெரியம்மா ஞானாம்பிகை, செத்தவரின் தங்கை, நிவேதனாவின் அம்மாவுக்கு அக்கா. தமையனின் செத்தவீட்டுக்கு வரமுடியாமல் போன துக்கத்தில் அந்த நேரலையைத் திரும்பத்திரும்பப் போட்டுப் பார்த்தவர். எட்டாம் நாள் சடங்கு முடிந்த கையோடு வட்ஸ்அப்பில் அழைப்பு எடுத்தார். ஒலிபெருக்கியில் போட்ட கைபேசி மேசையில் கிடந்தது, அது பெரியம்மாவுக்குத் தெரியாது. அம்மா, அப்பா, நிவேதனா மூவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பிள்ளை சிரிச்சது கிடக்கட்டும். மாஸ்டர் சொன்னதுக்கு எனக்கே சிரிப்பு வந்தது. படம் ஏன் ஆடினது?"

"என்னக்கா கதைக்கிறியள்?" என்றார் அம்மா.

"படம் ஆடினாப்பிறகுதான் உவள் சிரிச்சவள். வடிவாப் பார். அந்தப் பெடியன் சிரிச்சது உவளுக்கு எப்பிடித் தெரிஞ்சது?"

[பெரியம்மாவைக் கெட்டவராக எழுதச் சொல்லி என் கை உன்னியது. விடவில்லை. நான் கைபேசியில் கண்டதை அவரும் கண்டிருக்கிறார், அவ்வளவுதான். என்னைவிடக் கூர்மையான வாசகி.]

பெரியம்மா நிவேதனாவுக்கு அங்கே ஒரு சம்பந்தம் பேசி வைத்திருந்தார், அதற்கும் அவசரம் வந்துவிட்டது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று வீட்டாருக்குக் கொடுக்கிற வீடியோவில் அந்தச் சிரிப்பை வெட்டவேண்டும் என்றார். வெட்டும்போது வாகீசன், அதாவது நிவேதனாவின் அப்பா, ஸ்ரூடியோவுக்குப் போய்ப் பக்கத்தில் இருக்கவேண்டும்.

"பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கோ. அந்த இடம் வரேக்கை ரெண்டுபேற்றை முகத்தையும் பாருங்கோ. சிரிச்சால் விஷயம் இருக்கு. உடனே எனக்குச் சொல்லுங்கோ, நான் இஞ்சை அலுவலைப் பார்க்கிறன்."

நிவேதனா அறைக்குப் போய் எமிலுக்கு எடுத்தாள்.

"நாளைக்கு அப்பாவோடை வாறன். சிரிச்சியளெண்டால் என்னை ரொறன்ரோவிலைதான் பார்ப்பியள்."

"சிரிக்கமாட்டன்" என்றான் அவன். பகிடி ஒன்றும் சேர்க்கவில்லை.

6

ஸ்ரூடியோவின் பின்னறையில் கணினிக்கு முன்னால் எமில். பக்கத்துக் கதிரையில் வாகீசன். சுவரோடு ஒட்டி நிவேதனா. வாகீசனைப்பற்றி உங்களுக்கு நான் சொல்லியிருக்கவேண்டும், மறந்துபோனேன். கந்தோரில் வேலை, வீட்டில் அமைதி, யாரோடும் அதிகம் கதைக்கமாட்டார். கல்யாணம் முடித்த நாளிலிருந்து மைத்துனர் நடராசாவிடம் ஏச்சு வாங்கியே தலைமயிர் நரைத்தவர்.

"எந்த இடம் அங்கிள்?" என்று எமில் கேட்டான், தெரியாதவன்போல.

"மாஸ்டர் கதைக்கிற இடம், தம்பி."

எமில் ஓடவிட்டான். "...எவரையும் கடிந்து ஒரு சொல் சொல்லியறியார்." படம் ஆடியது. திரையில் நிவேதனா முகத்தைப் பொத்தினாள். சுவரோடு நின்ற நிவேதனா சுவரில் தொங்கிய மாதா படத்தைப் பார்த்தபடி, பல்லைக் கடித்துக்கொண்டு, ரொறன்ரோ, ரொறன்ரோ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். எமிலின் முகம் அடையாள அட்டைப் படத்தில் இருக்கிற முகம். இருவரும் வென்றுவிட்டார்கள். எழுதிக்கொண்டிருந்த எனக்கே பெருமையாக இருந்தது.

"எங்கை தொடங்கி வெட்டுறது எண்டு பார்ப்பம். இன்னொருக்காப் போடும்" என்றார் வாகீசன்.

மாஸ்டர் மறுபடியும் சொன்னார். வாகீசன் இருமினார். பிறகு அது இருமலில்லை என்று தெரிந்தது. தோள் குலுங்கியது, கண்ணாடி மூக்கில் இறங்கியது.

"ஒரு சொல்... ஒரு சொல் சொல்லமாட்டாராம்! தம்பி, நான் மணவறையிலை இருக்கிறன். ஐயர் மந்திரம் சொல்லுறார். இந்த மனுசன் வந்து, தலைப்பாகையை ஏன்ரா வாழைப்பூப் பொத்தி மாதிரிக் கட்டியிருக்கிறாய் எண்டு சபையிலை வைச்சு ஏசினது..."

மேற்கொண்டு சொல்ல முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார். அப்பா இப்படிச் சிரித்து நிவேதனா பார்த்ததேயில்லை. ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் அசையவில்லை. எமிலும் அசையவில்லை. இருவரும் பயத்தில் விறைத்துப்போனார்கள்.

வாகீசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டார். முதலில் எமிலைப் பார்த்தார், பிறகு மகளை. அவருடைய சிரிப்பு மெல்ல நின்றது.

"நீங்கள் ரெண்டுபேரும் ஏன் சிரிக்கேல்லை?" என்று கேட்டார்.

7

இதை நான் திட்டமிடவில்லை. சிரித்தால் மாட்டுவார்கள் என்று கதையைக் கட்டிக்கொண்டு வந்தேன். மடியில் ஒன்றும் இல்லாத பிள்ளைகள் அந்த அறையில் விழுந்து விழுந்து சிரித்திருக்கும் என்பது அப்பா சிரித்தபிறகுதான் எனக்கும் உறைத்தது.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் வாகீசன் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறார். சிரித்துக் கண்ணீர் விட்ட மனிதருக்கு அந்தக் கை அத்தனை கெதியில் வராது. இன்னொன்றில் எமில் அவருடைய காலில் விழுகிறான். நான் மதிலில் இருந்து கிளப்பிவிட்ட பெடியனை மறுபடியும் சோகத்துக்குள் தள்ளச் சம்மதமில்லை. மூன்றாவதில் நிவேதனா "ஓம் அப்பா, எனக்கு இவரை" என்று தொடங்குகிறாள். அந்த வசனத்தை முடிக்க நானும் முயன்றேன், அவளும் முயன்றாள்.

அப்போது வாகீசனின் கைபேசி அடித்தது. ரொறன்ரோவில் விடிந்திருந்தது.

"என்னவாம்? முகத்தைப் பார்த்தனீங்களே?" பெரியம்மாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "சிரிச்சவையே?"

நிவேதனா கண்ணை மூடிக்கொண்டாள்.

வாகீசன் இருவரையும் இன்னொருமுறை பார்த்தார்.

"இல்லை மச்சாள். வடிவாப் பார்த்தனான். ரெண்டுபேரும் சிரிக்கேல்லை."

"கொஞ்சமும்?"

"கொஞ்சமும் சிரிக்கேல்லை."

"அப்பாடா. நான்தான் வீணா..." என்று தொடங்கினார் பெரியம்மா. "பிறகு எடுக்கிறன் மச்சாள்" என்று சொல்லி வாகீசன் கைபேசியை அணைத்துச் சட்டைப்பையில் போட்டார்.

இனி நான் எழுதப்போவதில்லை. திரையில் நிவேதனா முகத்தைப் பொத்தியபடி நிற்கிறாள். எமிலின் விரல் வெட்டுகிற விசைக்கு மேலே இருக்கிறது, வெட்டு என்றோ விடு என்றோ இன்னும் யாரும் சொல்லவில்லை. வாகீசன் கதிரையை மகள் பக்கம் திருப்புகிறார். அவர் என்ன சொன்னார் என்பதை நீங்களே சொல்லுங்கள். சொல்வதற்கு முன் ஒன்றை மட்டும் யோசியுங்கள்: ஒரு பொய்யும் சொல்லாமல், தன் மகளுக்காக, அவர் இப்போதுதான் ஒருவரை ஏமாற்றியிருக்கிறார்.