முன்னூத்திப் பன்னெண்டு பேரு போட்ட சட்டை

உசுரோட இருக்கையிலயே தான் முன்னூத்திப் பன்னெண்டு தடவ போஸ்டர்ல ஏறியாச்சுங்குறது ஆனந்த்ராஜுக்குத் தெரிஞ்சது ஒரு செவ்வாக்கெழம காலைல, பதினோரு மணி இருக்கும். அன்னைக்குத்தான் அறிவுச்செல்வி அக்கா கடை கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் எக்ஸ்பி ஏத்துனான்.

கடை திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால. ஸ்டுடியோவும் டிடிபியும் சேந்தாப்புல. கல்யாணப் பத்திரிகையும் உண்டு, ஆனா சோறு போடுறது கண்ணீர் அஞ்சலி போஸ்டருதான். கம்ப்யூட்டரு, மூடிப்போன மில்லு ஒண்ணுல டிசைன் போட வச்சிருந்த ஒர்க்ஸ்டேஷன். ஆட்டுக்கல்லு கனம். பழைய விண்டோஸு, என்.டி. ஃபோர் ஓடிக்கிட்டிருந்துச்சு, நல்லாத்தான் ஓடுச்சு. ஆனா அதுக்கு யூ.எஸ்.பி.ன்னா என்னன்னே தெரியாது. அக்கா ஆசப்பட்டு டிஜிட்டல் கேமரா வாங்கிருச்சு, வயரச் சொருகுனா மிஷினு கண்டுக்கவே மாட்டேங்குது.

ஆனந்துக்கு இது அல்வா சாப்புடுற மாதிரி. இருவத்தோரு வயசு, பாலிடெக்னிக் முடிச்சவன், ஊர்ல எவன் கம்ப்யூட்டர் படுத்தாலும் ஸ்க்ரூ டிரைவரோட போய் நிப்பான். அக்கா ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுச்சு: அஞ்சலி ஃபோல்டரு போயிறக் கூடாது. வருசத் திதிக்கு அதே முகத்தக் கேட்டு வருவாங்க, பாதிப் பேருக்கு வேற போட்டோவே கெடையாது. இவனும் தன்னோட ஹார்ட் டிஸ்க்க மாட்டி அம்புட்டையும் காப்பி எடுத்துட்டுத்தான் சிடியவே போட்டான். ஒரு மணி நேரம் ஓடி, பச்சப் புல்லும் நீல வானமுமா மிஷினு எந்திரிச்சுச்சு. அக்கா பக்கத்துத் தெரு ஆப்செட் பிரஸ்ஸுக்குப் போயிருந்துச்சு.

எல்லாம் பத்திரமா இருக்கான்னு அஞ்சலி ஃபோல்டரத் தொறந்தான். என்.டி.ல அது வெறும் பேரு வரிசை, அவ்ளோதான். எக்ஸ்பி அப்பிடி இல்ல, ஒவ்வொரு ஃபைலுக்குள்ள இருக்குற படத்தையும் குட்டியா வெளிய காட்டும். மிஷினு பழசுல்ல, மொள்ள மொள்ளத்தான் காட்டுச்சு. ஒரு கட்டம் ரொம்பும். செத்த நேரம் ஒண்ணும் வராது. அடுத்த கட்டம் ரொம்பும். ஒரு கெழவரு. ஒரு மீசக்காரரு. கண்ணாடி போட்ட வாத்தியாரு மாதிரி ஒருத்தரு. எல்லாரும் நேரா இவனையே பாக்குறாங்க. எல்லாருக்கும் ஒரே வெள்ளச் சட்டை.

மொதல்ல சிரிப்புதான் வந்துச்சு. தலைய மட்டும் வெட்டி வேற ஒடம்புல ஒட்டுறது எல்லாக் கடையிலயும் நடக்குறதுதான். ரேஷன் கார்டு போட்டோன்னா கழுத்துக்குக் கீழ ஆபீஸ் சீலு விழுந்து ஒண்ணும் தெரியாது, வேற என்ன பண்றது.

அப்பறந்தான் சட்டைப் பையப் பாத்தான். பேனா கசிஞ்சு ஒரு நீலக் கறை.

அது அவன் சட்டை. பிளஸ் டூ ஹால் டிக்கெட்டுக்கு இதே கடையில எடுத்த போட்டோ.

கட்டம் ரொம்பிக்கிட்டே இருக்கு. எழுவது வயசு மூஞ்சிக்கும் பதினேழு வயசுத் தோளு. கீழ எண்ணிக்கை முன்னூத்திப் பன்னெண்டுன்னு நிக்குது. அஞ்சலி ஃபோல்டருக்குப் பக்கத்துலயே 'பாடி'ன்னு தனியா ஒரு ஃபைலு. தொறந்தா சட்டை, காலர், கழுத்து. கழுத்துக்கு மேல ஒண்ணுமில்ல. எவன் தலைக்கோ காத்துக்கிட்டு நிக்குற மாதிரி இருந்துச்சு. போன மாசம் நத்தம் ரோட்டுல லாரி இவன் பைக்க ஒரசிட்டுப் போனது ஞாபகம் வந்து, அவன் கழுத்தத் தொட்டுப் பாத்துக்கிட்டான். இனி ஒருத்தன்கூட இந்தச் சட்டையப் போடக் கூடாது. முகங்கள விட்டுட்டு அந்த ஒரு ஃபைல மட்டும் திரும்பி வராத மாதிரி ஷிப்ட்டோட டெலீட் அடிச்சான். தன்னோட டிஸ்க்லயும் அழிச்சான்.

அக்கா திரும்பி வாரப்ப கூடவே ஒருத்தர் வந்தாரு. அழகர், வடமதுரைப் பக்கம். அம்பது வயசிருக்கும். அவரு அண்ணன் நல்லுசாமி விடியக்காலைல தவறிட்டாராம், நாலு மணிக்கு எடுக்கணும், வெளியூருச் சனம் போஸ்டரப் பாத்துத்தான் வீடு கண்டுபிடிச்சு வரணும். ரேஷன் கார்டத்தான் கொண்டாந்திருந்தாரு. தலை தெளிவு. கீழ சீலு.

அக்கா பாடியத் தேடுச்சு. அப்கிரேடுல போயிருக்கும்க்கான்னு இவன் சொன்னான். பழைய படத்துலருந்து வெட்டலாம்னா எல்லாம் சின்ன சைஸு, பெருசாக்குனா ஒடஞ்சு கட்டங்கட்டமாத் தெரியும். அக்கா மவுஸ விட்டுட்டு இவன் மூஞ்சியப் பாத்துச்சு.

"பாத்துட்டியாடா?"

இவன் தலைய ஆட்டுனான். "ஏன்க்கா, நான்தானா கெடச்சேன்?"

"எத்தனையோ பேர எடுத்திருக்கேன். அசையாதன்னதும் மூச்சக்கூட விடாம நின்னவன் நீ ஒருத்தன்தான்." அக்கா குத்தமாவும் சொல்லல, சமாதானமாவும் சொல்லல. "செத்தவனுக்கு இன்னொரு செத்தவன் சட்டையவா மாட்டுறது? உசுரோட இருக்குற ஆளு வேணும்டா."

அப்ப அவர நிறுத்துங்கன்னு இவன் அழகரக் கை காட்டுனான். கூடப் பொறந்தவர நிறுத்த மாட்டேன்னுருச்சு அக்கா. ஆணில ஸ்டுடியோ வெள்ளச் சட்டை தொங்குச்சு. வாசல்ல இவன் பைக்கு நின்னுச்சு. போயிருக்கலாம். அழகர் ஒண்ணும் புரியாம ரேஷன் கார்ட ரெண்டு கையாலயும் பிடிச்சிக்கிட்டு, ஆகிருமா தம்பி, ஆகிருமான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு.

ஆனந்து சட்டைய மாட்டிக்கிட்டு நீலத் துணிக்கு முன்னால நின்னான். கேமரா வெளிச்சம் அடிச்சுச்சு. வயரச் சொருகுனதும் எக்ஸ்பி ஒடனே கண்டுபிடிச்சு, இவன் படத்தக் கொண்டாந்து திரையில நிறுத்துச்சு. அக்கா கழுத்தோட கோடு போட்டு டெலீட் அடிச்சுச்சு. இவன் மூஞ்சி காணாமப் போச்சு. அந்த எடத்துல நல்லுசாமி வந்து உக்காந்தாரு, தாடையெல்லாம் அளவெடுத்த மாதிரி பொருந்திப்போச்சு.

அழகர் குனிஞ்சு பாத்தாரு. எங்க அண்ணன் சட்டையே போட மாட்டாரும்மான்னு சிரிச்சாரு, சிரிப்பு பாதியிலயே ஒடஞ்சு அழுகையாயிருச்சு. அக்கா பிரிண்ட் எடுத்துக் குடுத்து பிரஸ்ஸுக்கு வழி சொல்லி அனுப்புச்சு. படியெறங்கப் போனவரு நின்னு திரும்புனாரு. ஆனந்து இன்னும் அந்தச் சட்டையோடதான் இருந்தான். பக்கத்துல வந்து அவன் தோள்ல கை வச்சாரு, வச்ச கைய ரொம்ப நேரம் எடுக்கல.

"வாரேண்ணே."

"பாத்துப் போப்பா."

சொன்னது இவன் வாயிதான். கொரலு இவனுது இல்ல.