பரிபூரணம் ஊட்டிய பம்பளிமாஸ்

கணவர் தவசிமுத்துக்கு ரத்தக்கொதிப்பு என்று டாக்டர் சொன்ன அன்றே பரிபூரணத்துக்குப் பாதி உயிர் போய்விட்டது. அவளுடைய அப்பா ஐம்பது வயதுக்குள் அதே நோயில் போனவர். டாக்டர் கொடுத்த மாத்திரையை மட்டும் நம்பி அவளால் இருக்க முடியவில்லை. இராஜபாளையம் பேண்டேஜ் கம்பெனியில் அவளோடு துணி சுற்றும் குருவம்மாள்தான் வழி சொன்னாள்.

"பம்பளிமாஸ் குடுங்க மைனி. கொழுப்பக் கரைக்கும், கொதிப்ப அடக்கும். எங்க வீட்டுல அவியளுக்கு அதுலதான் நின்னுச்சு."

அன்றிலிருந்து தினமும் காலையில் மாத்திரையோடு ஒரு பழம். உரித்துச் சுளைகளைத் தட்டில் வைத்துவிட்டு வேலைக்கு ஓடுவாள். முதல் வாரமே அவருக்குத் தலைவலி விட்டது. மூன்றாவது வாரம் தலை சுற்றியது, கால் வீங்கியது. வேலை பார்க்கும் மில்லில் அவரால் மெஷின் பக்கம் நிற்க முடியவில்லை. கொதிப்புதான் ஏறுகிறது என்று நினைத்து, தினம் இரண்டு பழமாகக் கொடுத்தாள்.

இராஜபாளையம் மார்க்கெட்டில் பழம் தீர்ந்துபோனது. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினாள். கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் வீரணன் கடையில் நாலு பழம் கண்ணில் பட்டது. யாருக்கோ எடுத்து வைத்தது என்றார் அவர்.

"எங்க வீட்டுக்காரரு பிழைக்கணும்ணே" என்று அங்கேயே அழுதாள். வீரணன் நாலையும் எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் வேலைக்குப் போகாமல் கூடவே உட்கார்ந்து, மாத்திரை கொடுத்து, சுளை சுளையாக ஊட்டினாள்.

"போதும்ட்டி, குமட்டுது."

"இன்னும் ரெண்டே சுளை. எனக்காக."

சற்று நேரத்தில் எழுந்தவர் வாசற்படியில் அப்படியே சரிந்தார். உடம்பு சில்லிட்டிருந்தது. கூப்பிட்ட குரலுக்குப் பதில் இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "பிரஷர் அடியோட இறங்கிடுச்சு. மாத்திரை அதிகமாப் போட்டாரா?" என்றார்.

"இல்ல சார், ஒண்ணுதான்."

"வேற என்ன குடுத்தீங்க?"

பழத்தைச் சொன்னாள். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"நல்ல பழந்தாம்மா. ஆனா இவரு போடுற மாத்திரையோட அது சேரக் கூடாது. மருந்து கழியாம ரத்தத்துலயே தங்கிடும். இந்த விஷயம் இப்பத்தான் வெளிய வந்திருக்கு. நானே போன மாசந்தான் வாசிச்சேன்."

பரிபூரணம் ஆஸ்பத்திரி வராந்தாவை விட்டு நகரவில்லை. இரண்டு நாள் பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. எத்தனை தடவை கழுவியும் விரலில் அந்தப் பழத்தோல் வாசனை போகவில்லை. 'ஆண்டவரே, என் கையாலயா?' என்பதைத் தவிர வேறு ஜெபம் வரவில்லை.

மூன்றாம் நாள் அவர் கண் விழித்தார். எதையும் மறைக்காமல் அழுதுகொண்டே சொன்னாள். அவர் மெல்ல அவள் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, நீ வேலைக்குப் போன பொறவு பாதிச் சுளைய பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டுருவேன். தெரிஞ்சா நீ வருத்தப்படுவேன்னு சொல்லல."

அவள் அவர் கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டாள்.

"அம்புட்டையும் போட்டிருக்கப்படாதா?" என்றாள்.