யூதாசுக்கு ஒரு வசனம்

யாக்கோப்புக்கு இருப்புக் கொள்ளவில்லை. 2006ஆம் ஆண்டுத் தவக்காலம் முழுவதும் புலம்பெயர்ந்து வந்து குடியிருந்த, மிச்சம் என்ற புறநகரிலுள்ள வீட்டில் ஹோலுக்கும் குசினிக்கும் நடந்து நடந்து ஒரே வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். "அவர் ஒரு குற்றமும் செய்யாதவர். பாவி நான்தான்." சோறு ஆறுகிறதென்று மனைவி தவமலர் கத்தினாலும் காதில் விழாது.

சாமியாராவதற்குப் படிக்கவென்று யாழ்ப்பாணத்திலிருந்து ரோமுக்குப் போன மனுசன், எழுபதுகளில் அங்கே எடுத்த மலிவான ரத்தக்களரிப் படங்களில் வில்லனாகிப்போனார். கண்ணும் புருவமும் அப்படி. பெண்களைக் கடத்தினார், கழுத்தை நெரித்தார், படம் தவறாமல் செத்தார். ஆனால் அந்தப் படப்பிடிப்புகளில் குரலைப் பதிவதில்லை. பிறகு வேறு யாராவது பேசிச் சேர்ப்பார்கள். அதனால் கத்தியை ஓங்கிக்கொண்டு இவர் வாய்க்கு வந்ததைத் தமிழில் சொல்வார். திரையில் எவனோ ஒரு தடியன் இத்தாலிய மொழியில் முழங்குவான். இத்தனை படம் நடித்தும் அவருடைய குரலை ஒரு சனமும் கேட்டதில்லை. அவருடைய வயிற்றெரிச்சல் அதுதான்.

ஆகவே, மாதா கோயில் மண்டபத்தில் திருப்பாடுகளின் நாடகம் போட்ட இராசரத்தினம், யூதாசுக்கு உங்கள் முகம்தான் பொருத்தம் என்றபோது அவர் கோபிக்கவில்லை. வசனம் இருக்கிறதா என்றுதான் கேட்டார். இருக்கிறது என்றான்.

கடைசி ஒத்திகையில்தான் குட்டு வெளிப்பட்டது. வசனமெல்லாம் ஊரிலேயே பதிவாகி சிடியில் வந்திருந்தது. ஊரில் பெரிய மேடைகளில் அப்படித்தானாம்.

"நீங்கள் வாயை மட்டும் அசையுங்கோ அண்ணை," என்றான் இராசரத்தினம்.

யாக்கோப்புக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விட்டுவிட்டுப் போய்விடலாமா என்றுகூட நினைத்தார். போகவில்லை. மேடை ஆசை யாரை விட்டது?

பெரிய வெள்ளியன்று ஒலிபெருக்கியில் யூதாஸ் கர்ச்சித்தான். யாக்கோப்பு உதட்டை இறுக மூடிக்கொண்டு நின்றார். குரல் ஓய்ந்து விளக்கு மங்கத் தொடங்கியதும், ஓரடி முன்னுக்கு வந்து தன் வசனத்தைத் தானே சொன்னார். மெலிந்த, கீச்சென்ற குரல். பாதியில் உடைந்தும் போனது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். இராசரத்தினம் அவசரமாகப் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினான்.

வீடு திரும்பும் டிராமில் யாக்கோப்பு தலை நிமிரவில்லை. இந்தக் குரலுக்கா இவ்வளவு காலம் ஏங்கினேன் என்று வெட்கமாக இருந்தது. தவமலர் அவருடைய படம் ஒன்றையும் பார்த்ததில்லை. பார்த்தால் பாவம் என்பாள். இன்றைக்கு முன்வரிசையில் இருந்தவள் அவருடைய கையைப் பிடித்தாள்.

"முதல் கத்தினது ஆரெண்டு எனக்குத் தெரியாது," என்றாள். "பிறகு அழுதது என்ர மனுசன். எனக்கு வடிவாக் கேட்டது."