நெற்றியில் ஊதா மருந்து

இந்த அம்மாவும் கைவிரித்துவிட்டால் அத்தையை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

நாற்காலி நுனியில் உட்கார்ந்து இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தை போர்க்காலத்தில் ராணுவ நர்ஸ். அவள் வேலை பார்த்த கூடார ஆஸ்பத்திரி குண்டுவீச்சில் எரிந்துபோனதில் ஆவணம் என்று ஒன்றும் மிஞ்சவில்லை. இப்போது நினைவு தப்பி, படுக்கைப் புண்ணோடு கிடக்கிறாள். ராணுவ மருத்துவமனையில் இடம் கிடைக்க, கூட வேலை பார்த்த ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். தேடிப்போன வீடுகளிலெல்லாம் செத்தவர்களின் பிள்ளைகள்தான் கதவைத் திறந்தார்கள். மிச்சமிருந்தவர் அப்போது அங்கே தலைமை நர்ஸாக இருந்த இந்த அம்மா மட்டும்தான்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அத்தையின் பழைய படத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"இவளா? சரியான வாயாடி. ஊசி போடறதுக்குள்ள ரெண்டு கதை சொல்லிடுவா. இப்பவும் அப்படித்தானா?"

"பேச்சே நின்னுபோச்சும்மா. யாராவது கிட்ட குனிஞ்சா எச்சில் தொட்டு நெத்தியத் துடைக்கறாங்க. அவ்வளவுதான்."

காலையில் அவள் தேய்த்த இடம் எனக்கு இன்னும் எரிந்தது.

அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அடிபட்டு வர்ற சிப்பாய் பிழைக்க மாட்டான்னு தெரிஞ்சா, புண்ணுக்குப் போடற ஊதா மருந்தால அவன் நெத்தியில ஒரு கோடு. கோடு இருந்தா டாக்டர் அந்தப் பக்கம் போகமாட்டார். மருந்து பத்தல, என்ன பண்றது? நான்தான் போடுவேன். உன் அத்தை பின்னாடியே வந்து அழிப்பா. என்கிட்ட அவ வாங்காத திட்டில்ல."

விண்ணப்பத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

"கையெழுத்துப் போடறேன். நீயும் எனக்கு ஒண்ணு செய். கோடு போட்டது யாருன்னு ராணுவத்துல இப்ப விசாரிக்கறாங்க. என் பேரப்பிள்ளைங்க மூஞ்சில நான் முழிக்க வேண்டாமா? கோடு போட்டது நான்தான்னு அத்தை வீட்டுல சொன்னாங்கன்னு ஒரு வரி எழுதிக் குடு. அவளுக்கு என்ன தெரியப்போகுது?"

தெரியாதுதான். ஒரு வரி எழுதினால் ஒரு கட்டில், புண் கழுவ ஆள், எனக்குக் கொஞ்சம் தூக்கம். அவர் நீட்டிய பேனாவை வாங்கிக்கூட விட்டேன். எழுதிடு, எழுதிடு என்று உள்ளே ஒருத்தி கெஞ்சிக்கொண்டே இருந்தாள். எழுதிவிட்டு வீட்டுக்குப் போய் நான் அத்தை முன்னால் குனிய வேண்டும். அவள் விரல் என் நெற்றிக்கு வரும்.

பேனாவை மூடி அவர் பக்கமே வைத்தேன்.

"வேண்டாம்மா. நான் கிளம்பறேன். அவங்களைத் திருப்பிப் படுக்க வைக்கணும்."